ஷைலாக்: 'வெனிஸ் வணிகன்' நாடகத்தின் யூத வட்டிக்காரர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தைக் கல்லூரியில் படித்தவர்கள், படமாகப் பார்த்தவர்கள், கதைச் சுருக்கம் மட்டும் தெரிந்தவர்கள் எல்லோரும் ஷைலாக்கைப் பற்றிக் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்கள் இங்கே. கதையின் முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன். நானூறு வருடப் பழைய நாடகத்தில் மறைத்து வைக்க என்ன இருக்கிறது?

கதை மறந்துவிட்டது. சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

பஸ்ஸானியோ என்ற இளைஞனுக்கு போர்ஷியா என்ற பணக்காரப் பெண்ணை மணக்க ஆசை. அவள் ஊரான பெல்மான்ட்டுக்குப் பகட்டாகப் போய் இறங்கப் பணம் வேண்டும். நண்பன் அன்டோனியோ பெரிய வணிகன்தான், ஆனால் அவன் சொத்தெல்லாம் கடலில் கப்பல்களில் மிதக்கிறது. அதனால் அன்டோனியோவின் பேரில் ஷைலாக் என்ற யூதரிடம் 3000 டுகாட் கடன் வாங்குகிறார்கள். தவணை மூன்று மாதம். தவறினால் அன்டோனியோவின் உடம்பிலிருந்து ஒரு ராத்தல் சதை வெட்டி எடுத்துக்கொள்ளலாம் என்று பத்திரம். கப்பல்கள் முழுகிவிட்டதாகச் செய்தி வருகிறது, தவணையும் தாண்டுகிறது, வழக்கு வெனிஸ் டியூக்கின் முன் வருகிறது. போர்ஷியா ஆண் வேடத்தில் இளம் சட்ட நிபுணராக வந்து, சதை எடுக்கலாம், ஆனால் பத்திரத்தில் ரத்தம் என்ற சொல்லே இல்லை, ஒரு சொட்டு சிந்தினாலும் உன் சொத்து பறிபோகும் என்கிறாள். ஷைலாக் தோற்கிறார்.

அப்படியானால் தலைப்பில் உள்ள வணிகன் ஷைலாக் இல்லையா?

இல்லை, அன்டோனியோ. ஆனால் இந்தக் குழப்பம் முதலிலிருந்தே உண்டு. 1598-இல் லண்டன் அச்சகத்தார் பதிவேட்டில் நாடகம் ஏறியபோதே 'வெனிஸ் வணிகன், அல்லது வெனிஸ் யூதன்' என்றுதான் எழுதினார்கள். 1600-இல் வந்த முதல் அச்சுப் பதிப்பின் முகப்பிலும் ஷைலாக்கின் 'அதீதக் கொடுமை'தான் விளம்பரம். இத்தனைக்கும் ஷைலாக் வருவது ஐந்தே காட்சிகளில். கடைசி அங்கத்தில் அவர் தலையே காட்டுவதில்லை.

ஷேக்ஸ்பியர் நேரில் யூதர்களைப் பார்த்திருப்பாரா?

தங்கள் மதத்தை வெளிப்படையாகப் பின்பற்றிய யூதர்களை இங்கிலாந்துக்குள் பார்த்திருக்க வழியில்லை. 1290-இல் முதலாம் எட்வர்டு மன்னர் யூதர்கள் அனைவரையும் நாட்டைவிட்டு வெளியேற்றினார். மீண்டும் குடியேற வழி பிறந்தது 1656 வாக்கில், கிராம்வெல் ஆட்சிக் காலத்தில். நாடகம் எழுதப்பட்டது 1596-97 வாக்கில். லண்டனில் அப்போது இருந்தது மதம் மாறிய, அல்லது மாறியதாகக் காட்டிக்கொண்ட, ஸ்பானிய, போர்ச்சுகீசிய வம்சாவளியினரின் சிறு கூட்டம் மட்டுமே.

அவர்களில் ஒருவரை ஊரே அறிந்திருந்தது. எலிசபெத் ராணியின் மருத்துவர் ரொட்ரிகோ லோபெஸ். ராணிக்கு விஷம் வைக்கச் சதி செய்தார் என்று குற்றம் சாட்டி 1594 ஜூனில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அதே ஆண்டு நாடகாசிரியர் மார்லோவின் 'மால்டா யூதன்' நாடகம் மறுபடி மேடையேறி நன்றாக ஓடியது. அதில் வரும் பராபாஸ் கிணறுகளில் நஞ்சு கலந்ததாகப் பெருமையடிப்பவன், ஒரு கன்னியர் மடத்தையே கஞ்சியில் விஷம் வைத்துக் கொல்பவன். ஆக, லண்டன் ரசிகர் மனதில் இருந்த யூதன் பக்கத்து வீட்டுக்காரன் அல்ல, பயமுறுத்தக் கட்டிவைத்த பொம்மை. ஷேக்ஸ்பியர் கையில் எடுத்ததும் அந்தப் பொம்மையைத்தான்.

யூதர்கள் ஏன் வட்டித் தொழிலுக்குப் போனார்கள்?

முதலில் ஒன்று: பெரும்பாலான யூதர்கள் வட்டிக்காரர்கள் இல்லை. தையல், பழைய துணி வியாபாரம், மருத்துவம், கூலி வேலை என்றுதான் வாழ்ந்தார்கள். ஆனால் இடைக்கால ஐரோப்பாவின் பல பகுதிகளில் அவர்கள் நிலம் வாங்க முடியாது, கைவினைஞர் சங்கங்களில் சேர முடியாது. கிறிஸ்தவர் கிறிஸ்தவரிடம் வட்டி வாங்குவதைத் திருச்சபை தடுத்திருந்தது. அரசர்களுக்கோ போருக்கும் கோட்டைக்கும் கடன் கொடுக்க யாராவது வேண்டும். அந்த இடத்தில் யூதர்களை உட்காரவைத்து, பிறகு அங்கே உட்கார்ந்திருப்பதற்காகவே அவர்களை வெறுத்தார்கள்.

வெறுப்புக்குப் பின்னால் கணக்கும் இருந்தது. 1190 மார்ச்சில் இங்கிலாந்தின் யார்க் நகரத்துக் கோட்டையில் தஞ்சம் புகுந்த யூதர்கள் சுமார் 150 பேர் மாண்டார்கள். பலர் கும்பல் கையில் சிக்குவதற்குமுன் தாங்களே உயிரை விட்டார்கள். வேலை முடிந்ததும் அந்தக் கும்பல் நேராகப் போனது யார்க் தேவாலயத்துக்கு. அங்கே வைத்திருந்த கடன் பத்திரங்களை எடுத்துக் கொளுத்தினார்கள். கும்பலைத் தூண்டிவிட்டவர்களில் பெருங்கடன்காரர்கள் இருந்தார்கள்.

வட்டி வாங்குவது ஷேக்ஸ்பியர் காலத்தில் சட்டவிரோதமா?

1571-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு 10 சதவீதம் வரை நடைமுறையில் அனுமதி இருந்தது. லண்டனில் வட்டிக்கு விட்டவர்கள் கிறிஸ்தவர்கள்தான், வேறு யார் இருந்தார்கள்? ஷேக்ஸ்பியரின் அப்பா ஜான் மீதே 1570-இல் அதிக வட்டி வாங்கியதாக வழக்கு இருந்தது. மகனும் பணத்தில் கறார் பேர்வழி. மால்ட் தானியம் விற்ற பாக்கிக்காக ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒருவர்மேல் 1604-இல் வழக்குப் போட்டிருக்கிறார். இதனால் ஷைலாக்கின் மேல் அவருக்கு அனுதாபம் என்று நான் சொல்லவரவில்லை. கடன் பத்திரம், பிணை, தவணை என்ற பேச்சு அவர் வீட்டில் புழங்கிய பேச்சு, அவ்வளவுதான்.

நிஜ வெனிஸில் ஷைலாக் போல ஒருவர் இருந்திருக்க முடியுமா?

கொஞ்சம் சிரமம். வெனிஸ் குடியரசு 1516-இல் யூதர்களை நகரின் ஒரு மூலையில் அடைத்தது. கெட்டோ என்ற பெயரே அங்கிருந்துதான் உலகமெங்கும் பரவியது. இரவில் வாசல் கதவுகளைப் பூட்டிவிடுவார்கள். வெளியே வந்தால் தனி நிறத்தில் தொப்பி அணிய வேண்டும். அங்கே தங்குவதே அரசு அவ்வப்போது புதுப்பிக்கும் ஒப்பந்தத்தின் பேரில்தான். அந்த ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை: நகரத்து ஏழைகளுக்காக அடகுக்கடை நடத்த வேண்டும், அரசு சொல்லும் வட்டிக்கு. 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது 5 சதவீதம். லண்டனில் சட்டம் விட்டுவைத்ததில் பாதி!

நாடகத்தில் கெட்டோவும் இல்லை, பூட்டிய கதவும் இல்லை. ஷைலாக் இரவு விருந்துக்குக் கிறிஸ்தவர் வீட்டுக்குப் போகிறார். ஷேக்ஸ்பியர் வெனிஸுக்குப் போனதற்கு எந்தச் சான்றும் கிடையாது.

ஒரு ராத்தல் சதை என்ற யோசனை ஷேக்ஸ்பியருடையதா?

இல்லை. ஜொவான்னி ஃபியோரெந்தீனோ என்பவரின் 'இல் பெக்கொரோனே' என்ற இத்தாலியக் கதைத்தொகுப்பில் (1558-இல் அச்சானது, எழுதப்பட்டது அதற்கு வெகுமுன்) சதைப் பத்திரம், பெல்மான்ட் சீமாட்டி, ஆண் வேட வழக்கறிஞர், கடைசியில் மோதிர விளையாட்டு எல்லாமே இருக்கிறது. ஆனால் அதில் வரும் யூதருக்குப் பெயர் கிடையாது, மகள் கிடையாது. தோற்றதும் கோபத்தில் பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். மதமாற்றம் என்ற பேச்சே இல்லை. ஷேக்ஸ்பியர் சேர்த்தவை எவை என்று பார்த்தால் சுவாரசியம்: ஒரு பெயர், இறந்துபோன மனைவி, ஓடிப்போகும் மகள், பேசுவதற்கு ஒரு வாய், கட்டாய மதமாற்றம். மனிதனாக்கியதும் அவர்தான், நசுக்கியதும் அவர்தான்.

ஷைலாக் அன்டோனியோவிடம் எவ்வளவு வட்டி கேட்டார்?

ஒரு காசு கூட இல்லை. பலர் கவனிக்காமல் தாண்டிப்போகும் இடம் இது.

முதல் அங்கம், மூன்றாம் காட்சி. அன்டோனியோ கடன் கேட்டு வந்து நிற்கிறான். ஷைலாக் பழைய கணக்கைத் திறக்கிறார்: சந்தையில் எத்தனை முறை என்னை நாயே என்றாய், என் யூத அங்கியின் மேல் காறித் துப்பினாய், இப்போது பணம் வேண்டும் என்கிறாய், நாயிடம் பணம் இருக்குமா? மறுப்பான் என்று நாம் எதிர்பார்ப்போம். அன்டோனியோ மறுக்கவில்லை. இனியும் அப்படித்தான் கூப்பிடுவேன், இனியும் துப்புவேன், நண்பனுக்குக் கொடுப்பதாக நினைக்காதே, எதிரிக்குக் கொடுப்பதாக நினைத்துக்கொடு என்கிறான். கடன் கேட்டு வந்தவன் பேசும் பேச்சு!

அதற்குப் பிறகுதான் ஷைலாக், வட்டியே வேண்டாம், வேடிக்கைக்கு ஒரு ராத்தல் சதை என்று எழுதிக்கொள்வோம் என்கிறார். வேடிக்கைதானா? அதே காட்சியில் தனக்குள் பேசும்போது, இவன் வட்டியில்லாமல் கடன் கொடுத்துச் சந்தை வட்டியைக் குறைக்கிறான், ஒருமுறை பிடி கிடைத்தால் பழைய பகையைத் தீர்ப்பேன் என்றும் சொல்லியிருக்கிறார். ஆகவே ஷைலாக்கை அப்பாவி என்று வாதாடாதீர்கள், நாடகம் இடம் கொடுக்காது. ஆனால் வாழ்நாள் முழுக்க வட்டி வாங்கியவர் என்று ஏசப்படும் மனிதரை அழித்தது அவர் வட்டி வாங்காத ஒரே கடன்.

'யூதனுக்குக் கண்கள் இல்லையா' என்ற பேச்சு சகிப்புத்தன்மைக்கான வேண்டுகோள்தானே?

மேற்கோள் தொகுப்புகளில் மட்டும்தான். பேச்சு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று பாருங்கள்.

மூன்றாம் அங்கம், முதல் காட்சி. மகள் ஜெசிக்கா பணத்தோடும் நகையோடும் கிறிஸ்தவக் காதலனுடன் ஓடிவிட்டாள். அன்டோனியோவின் நண்பர்கள் இருவர் நடுத்தெருவில் ஷைலாக்கைக் கேலி செய்கிறார்கள். பேச்சோடு பேச்சாக, அன்டோனியோ தவணை தவறினால் அவன் சதையை வைத்து என்ன செய்வாய் என்று கேட்கிறார்கள். மீன் பிடிக்கத் தூண்டிலில் மாட்டுவேன், வேறெதற்கும் உதவாவிட்டாலும் என் பழியைத் தீர்க்கும் என்று தொடங்குகிறார். என்னை அவமானப்படுத்தினான், என் நஷ்டத்தில் சிரித்தான், என் இனத்தை இகழ்ந்தான். காரணம் என்ன, நான் யூதன். அதற்குப் பிறகுதான் அந்தப் புகழ்பெற்ற வரிகள்: கண்கள், கைகள், புலன்கள், ஒரே உணவு, ஒரே நோய், ஒரே கோடை, ஒரே குளிர், குத்தினால் எங்களுக்கு ரத்தம் வராதா, கிச்சுக்கிச்சு மூட்டினால் சிரிக்க மாட்டோமா, விஷம் வைத்தால் சாக மாட்டோமா? அட்டைகளிலும் சுவரொட்டிகளிலும் இங்கே நிறுத்திவிடுவார்கள். ஷைலாக் நிறுத்தவில்லை. அடுத்த மூச்சில், எங்களுக்குக் கெடுதல் செய்தால் நாங்கள் பழிவாங்க மாட்டோமா? யூதன் கிறிஸ்தவனுக்குக் கெடுதல் செய்தால் கிறிஸ்தவன் என்ன செய்கிறான்? பழிவாங்குகிறான். நீங்கள் கற்றுக்கொடுத்ததைத்தான் செய்யப்போகிறேன், உங்களைவிட நன்றாகவே செய்வேன்.

எல்லோரும் மனிதர் என்பது இங்கே கொலைக்கான வாதம். வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை, முடிவை ஏற்கவும் முடியவில்லை. அன்பைப் பற்றிய பேச்சு என்று மழுப்பும்போது இதன் பல்லைப் பிடுங்கிவிடுகிறோம். பேச்சு முடிந்ததும் அந்த இருவரும் பதில் சொல்வதில்லை. சொல்லத் தேவையும் வரவில்லை. வேலைக்காரன் வந்து கூப்பிடுகிறான், போய்விடுகிறார்கள்.

மகளைவிடப் பணத்துக்காகத்தான் அவர் அழுதார் என்கிறார்களே?

'என் மகளே, என் டுகாட்களே' என்று தெருவில் கத்திக்கொண்டு ஓடினார் என்பது நாம் கண்ணால் பார்க்கும் காட்சி இல்லை. ஷைலாக்கைப் பிடிக்காத ஒருவன் நண்பனிடம் நடித்துக் காட்டிச் சொல்வது. மேடையில் நாமே கேட்பது இன்னும் மோசம்தான்: மகள் என் காலடியில் செத்துக் கிடக்கட்டும், காதில் அந்த நகைகளோடு என்கிறார். அதே காட்சியில் இன்னொன்றும் கேட்கிறோம். ஜெசிக்கா ஜெனோவாவில் ஒரு மோதிரத்தைக் கொடுத்து ஒரு குரங்கு வாங்கினாள் என்று டூபால் என்ற நண்பர் சொல்கிறார். அது என் நீலப்பச்சைக் கல் மோதிரம், கல்யாணத்துக்குமுன் லேயா எனக்குக் கொடுத்தது, காடு நிறையக் குரங்குகள் கொடுத்தாலும் அதைக் கொடுத்திருக்க மாட்டேன் என்கிறார். லேயா, அவர் மனைவி. அந்தப் பெயர் நாடகத்தில் வருவது இந்த ஒரே இடத்தில்தான். எல்லாவற்றுக்கும் விலை வைப்பவர் என்று நாம் நம்பிய மனிதர் விலையே சொல்லாத ஒரே பொருள் அந்த மோதிரம். இதே நாடகத்தில் மனைவியர் கொடுத்த மோதிரத்தை உயிர் போனாலும் கழற்ற மாட்டோம் என்று சத்தியம் செய்த பஸ்ஸானியோவும் அவன் நண்பன் கிராஷியானோவும் வழக்கு முடிந்த கையோடு கழற்றிக் கொடுத்துவிடுகிறார்கள்.

போர்ஷியாவின் வாதம் சட்டப்படி நிற்குமா?

நிற்காது. அந்தப் பத்திரமே நிற்காது. ஆளைக் கொல்ல வழிசெய்யும் ஒப்பந்தத்தை எந்த நீதிமன்றமும் முதல் நாளே குப்பையில் போட்டிருக்கும். ஆனால் வெனிஸ் நீதிமன்றம் அது செல்லும் என்று ஒப்புக்கொள்கிறது. ஏன் என்பதற்கு அன்டோனியோவே காரணம் சொல்கிறான்: அந்நியர்களின் வியாபாரத்தை நம்பித்தான் ஊர் பிழைக்கிறது, சட்டத்தை மறுத்தால் பெயர் கெட்டுவிடும். செல்லும் என்று ஒப்புக்கொண்டபின், சதை எடு, ரத்தம் எடுக்காதே என்பது வெறும் வார்த்தை விளையாட்டு. ஜெர்மானியச் சட்ட அறிஞர் யேரிங் 1872-இலேயே ஷைலாக் ஏமாற்றப்பட்டார் என்று கடுமையாக எழுதினார். உரிமையை வழங்கிவிட்டு, அதைச் செயல்படுத்த அவசியமானதை மறுப்பது எப்படி நியாயம் என்பது அவர் கேள்வி. போதாக்குறைக்கு, தீர்ப்புச் சொல்பவர், யாருக்காகக் கடன் வாங்கினார்களோ அந்த பஸ்ஸானியோவின் மனைவி!

2016-இல் வெனிஸ் கெட்டோவின் 500-ஆம் ஆண்டையொட்டி அந்த ஊரிலேயே ஒரு மாதிரி மேல்முறையீடு நடத்தினார்கள். தலைமை வகித்தவர் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க். சதைக்கு இடமில்லை, அசலைத் திருப்பிக் கொடு, மதமாற்றம் செல்லாது என்று தீர்ப்பானது.

ஷைலாக் தரப்பிலும் ஈரம் கிடையாது. அவர் செருப்பின் அடியில் கத்தியைத் தீட்டுகிறார், தராசு கையோடு கொண்டுவந்திருக்கிறார். காயத்தைக் கட்ட ஒரு மருத்துவரையாவது கூட்டிவா என்று போர்ஷியா சொல்ல, பத்திரத்தில் அப்படி எழுதியிருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் தேடிப் பார்க்கிறார். காணோம், பத்திரத்தில் இல்லை என்கிறார். பத்திரத்தில் இல்லை என்ற அந்தக் கயிற்றில்தான் அடுத்த சில நிமிடங்களில் அவர் கழுத்து மாட்டுகிறது.

கருணையைப் பற்றி அவ்வளவு அழகாகப் பேசிய பிறகு அவருக்குக் கருணை காட்டினார்களா?

காட்டியதாக அவர்கள் நினைத்தார்கள். கருணை மழைபோல் வானிலிருந்து பொழிவது என்ற போர்ஷியாவின் பேச்சைப் பள்ளி ஒப்பித்தல் போட்டிகளில் பலர் மனப்பாடமாகச் சொல்லியிருப்பீர்கள். வழக்கு திரும்பியதும் நடப்பது இது: குடிமகனின் உயிருக்குக் குறிவைத்த அந்நியனின் சொத்தில் பாதி பாதிக்கப்பட்டவனுக்கு, பாதி அரசுக்கு, உயிர் டியூக்கின் கையில். வெனிஸில் வாழ்ந்து தொழில் செய்யும் ஷைலாக் அந்நியன் என்பது அந்த நிமிடத்தில்தான் வெளியே வருகிறது. டியூக் ஷைலாக்கைக் கொல்லாமல் விடுகிறார். அன்டோனியோ தன் பங்குக்கு இரண்டு நிபந்தனை வைக்கிறான்: உடனே கிறிஸ்தவனாக மாற வேண்டும், சாகும்போது எல்லாச் சொத்தையும் ஜெசிக்காவுக்கும் அவள் கணவனுக்கும் எழுதிவைக்க வேண்டும். திருப்தியா யூதனே, என்ன சொல்கிறாய் என்று போர்ஷியா கேட்கிறாள். திருப்தி என்கிறார். உடம்பு சரியில்லை, போக விடுங்கள், பத்திரத்தை வீட்டுக்கு அனுப்புங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார்.

அன்றைய ரசிகர்களில் பலருக்கு இது உண்மையிலேயே கருணைதான். ஞானஸ்நானம் அவர் ஆன்மாவைக் காப்பாற்றும் என்று நம்பினார்கள். என் கணக்கில் இந்த நாடகத்தின் மிகக் கொடூரமான செயல் இது. கத்தி யார் மேலும் பாயவில்லை. இது பாய்ந்தது.

கடைசியில், இது யூத வெறுப்பு நாடகமா இல்லையா?

ஆம், யூத வெறுப்பை மூலப்பொருளாக வைத்துச் செய்த நாடகம். ஷைலாக்கைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைவிட யூதன் என்று கூப்பிடுவதே அதில் அதிகம். நாய், பிசாசு என்ற வசவுகளை நல்லவர்கள் என்று காட்டப்படுபவர்களே பேசுகிறார்கள். கடைசி அங்கம் நிலவொளியில் அவரை மறந்து சிரிக்கிறது. ஆனால் வெறும் வெறுப்புக்கு லேயாவின் மோதிரம் தேவையில்லை. நீதிமன்றத்தில், நீங்கள் விலைக்கு வாங்கிய அடிமைகளைக் கழுதைபோல நடத்துகிறீர்களே, விட்டுவிடச் சொன்னால் அவர்கள் எங்கள் சொத்து என்பீர்கள், இந்தச் சதையும் என் சொத்து என்று ஷைலாக் கேட்கிறாரே, அந்த வாதம் தேவையில்லை. அதற்கும் யாரும் பதில் சொல்வதில்லை. ஷேக்ஸ்பியர் எந்தக் கட்சி என்று தேடுவதைவிட, பதில் வராத இடங்களை எண்ணிப் பார்ப்பது உபயோகமானது.

வெறுப்புக்கு அது எளிதாகப் பயன்பட்டது என்பதையும் மறைக்கக்கூடாது. 1943-இல் நாஜிகள் ஆண்ட வியன்னாவில், யூதர்களை முகாம்களுக்கு ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்த நாட்களில், வெர்னர் கிராஸ் ஷைலாக்கை அருவருப்பின் உருவமாக நடித்தார்.

நடிகர்கள் ஷைலாக்கை எப்படியெல்லாம் நடித்திருக்கிறார்கள்?

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோமாளியாக. 1741-இல் சார்ல்ஸ் மேக்லின் அதை மாற்றி, பார்த்தாலே குலை நடுங்கும் வில்லனாக்கினார். 1814-இல் எட்மண்ட் கீன் வழக்கமான செம்பட்டைத் தாடியை விட்டுவிட்டுக் கறுப்புத் தாடியோடு வந்தார். கோபத்துக்குப் பின்னால் காரணம் இருப்பதாக ரசிகர்களுக்கு முதன்முதலாகத் தோன்றியது. 1879-இல் ஹென்றி இர்விங் ஒரு காட்சியையே சேர்த்தார்: மகள் ஓடிப்போனது தெரியாமல் ஷைலாக் வீடு திரும்பிக் கதவைத் தட்டுகிறார். நாடகத்தில் அப்படி ஒரு காட்சி இல்லை, ஆனால் அதற்குப் பிறகு பலர் அதைக் காப்பியடித்தார்கள். நியூயார்க்கின் யூத நடிகர் ஜேக்கப் அட்லர் 1903-இல் பிராட்வேயில் தன் வசனங்களை ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷில் பேசி நடித்தார், மற்றவர்கள் ஆங்கிலத்தில் பேசினார்கள். 1970-இல் லாரன்ஸ் ஒலிவியர், விக்டோரியா காலத்துக் கனவானாகக் கோட்டும் தொப்பியுமாக வந்தார்.

ஆங்கில மேடையில் நல்ல யூத வட்டிக்காரர்களே இல்லையா?

ஷைலாக்குக்கு முன்பே ஒருவர் உண்டு. ராபர்ட் வில்சன் எழுதி 1584-இல் அச்சான 'லண்டனின் மூன்று சீமாட்டிகள்' நாடகத்தில் ஜெரோன்டஸ் என்ற யூதர் வருகிறார். கடன் வாங்கிய இத்தாலிய வணிகன் துருக்கிச் சட்டத்தில் ஓட்டை தேடி, முஸ்லிமாக மாறினால் கடன் ரத்தாகும் என்று மதம் மாறக் கிளம்புகிறான். காசுக்காக ஒருவன் தன் மதத்தை விடுவதைப் பார்க்கச் சகிக்காமல் ஜெரோன்டஸ் வட்டி, அசல் முழுவதையும் விட்டுக்கொடுக்கிறார். ஷேக்ஸ்பியருக்குப் பின், 1794-இல் ரிச்சர்டு கம்பர்லாண்டின் 'யூதன்' நாடகத்தில் ஷேவா என்ற வட்டிக்காரர் ரகசியமாகத் தர்மம் செய்கிறார். இரண்டு பேரும் தங்கமானவர்கள். இரண்டு பேரையும் இன்று மேடையேற்றுவது அரிது. நல்லவராக மட்டும் இருக்கும் பாத்திரத்தை எந்த நடிகர் விரும்புவார்?

தமிழில் வந்திருக்கிறதா?

பம்மல் சம்பந்த முதலியார் 'வாணீபுர வணிகன்' என்று தழுவி எழுதினார். அவர் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் இருந்தவர் என்பதால் அந்த நீதிமன்றக் காட்சியை எழுதும்போது என்ன நினைத்திருப்பார் என்று எனக்கு எப்போதும் ஆவல். 1940-இல் 'ஷைலாக்' என்றே ஒரு தமிழ்ப் படமும் வந்தது.

ஆனால் நம்மில் பலருக்கு இந்தக் கதை வந்துசேர்ந்தது சார்ல்ஸ் லாம்ப், மேரி லாம்ப் இருவரின் 1807 சிறுவர் பதிப்பு வழியாகத்தான். அது நெடுங்காலம் துணைப்பாட நூல். அதில் யூதனுக்குக் கண்கள் இல்லையா பேச்சு கிடையாது. லேயாவின் மோதிரம் கிடையாது. ஜெசிக்கா ஓடிப்போவதும் கதையாக வராது, கடைசியில் ஒரு வரியில் முடிந்துவிடும். அதை மட்டும் படித்தவருக்கு ஷைலாக் வெறும் கஞ்சத்தனமான கொடியவனாக மனதில் நிற்பதில் ஆச்சரியமில்லை.

முழுதும் படிக்க நேரமில்லை. எதையாவது மட்டும் படிக்கலாமா?

மூன்று காட்சிகள்: முதல் அங்கத்தின் மூன்றாவது, மூன்றாம் அங்கத்தின் முதலாவது, நான்காம் அங்கத்தின் முதலாவது. இந்த வரிசையிலேயே படியுங்கள். நீதிமன்றக் காட்சியை முதலில் படித்தால் கத்தி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். படமாகப் பார்க்க மைக்கேல் ராட்ஃபோர்டு இயக்கி அல் பசீனோ நடித்த 2004 படம் எளிதாகக் கிடைக்கும். அன்டோனியோ துப்புவதை அதில் பேச்சாக விடாமல் தொடக்கத்திலேயே நேரடியாகக் காட்டிவிடுகிறார்கள்.